அலுமாரிக் கதவின் உட்புறம்

கண்ணிவெடி அகற்றிய நிறுவனம்
மாங்குளத்தில் கடையைக் கட்டியபோது
எங்கள் ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்துக்கு
நாலு கதிரை, ஒரு நீர்வடிகட்டி,
ஓர் இரும்பு அலுமாரி தந்தது.
கதவின் உட்புறம்
யாரோ பசை பூசி ஒட்டிய வரைபடம்.
காணி அனுமதிப்பத்திரக் கோப்புகள் அதற்குள்தான்.
ஆதலால் ஒரு நாளைக்கு முப்பது தரம்
சாக்கோ மாகாணத்தை நான் திறந்து மூடுகிறேன்.

ஆர்ஜென்ரீனாவின் வடக்கில் கிடக்கிறது.
முழு இலங்கையையும் தூக்கி அதற்குள் வைத்தால்
இன்னும் மிச்சம் நிலம்.
றமோன் அங்கிருந்து வந்தவராம்.
காவலாளி தயாபரன் சொன்னார்:
வெயிலைக் குறை சொல்லாத ஒரே வெளிநாட்டுக்காரன்.
படத்தைப் பார்த்தால் காரணம் விளங்குகிறது.
மேற்கே போகப் போகக் காடு வறண்டு முள்ளாகிறது;
அந்தக் காட்டின் பெயரே ‘உட்புக முடியாதது’.
அங்கொரு மரத்துக்குக் ‘கோடரி உடைப்பான்’ என்று பெயர்.
நெடுங்கேணிப் பக்கம் பாலை தறித்தவர்கள்
இதற்கெல்லாம் புருவம் தூக்கமாட்டார்கள்.
அதை அறுத்து ரயிலுக்குச் சிலிப்பர் போட்டார்களாம்.
எங்கள் சிலிப்பர்கள்
பாதையை விட்டிறங்கிப் பதுங்குகுழிக்குக் கூரையானதை
றமோன் அறிந்திருப்பார்,
தோண்டினவர் அல்லவா.

வடக்கு எல்லை ஓர் ஆறு. செம்மண் கரைத்து வருவது.
ஒருகாலம் தன் படுக்கையை விட்டெழுந்து
பக்கத்துப் படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்டது.
தெற்கே அடிமட்டம் வைத்த நேர்கோடு,
இருபத்தெட்டாம் பாகை.
அந்தக் கோட்டின்மேல் வீடு கட்டியவன்
குசினி ஒரு மாகாணம் கிணற்றடி இன்னொன்று என்று
யாரிடம் மனுக் கொடுப்பான்?
குணமணியக்கா என்னிடம் கொடுக்கிறா.
வீடு எங்களுக்குள்.
கிணறு காட்டுக்குள்.
காட்டுக்குள் என்றால் காட்டுக்குள் இல்லை,
கோப்பில்.

மாகாணத்தை இருபத்தைந்தாகப் பிரித்திருக்கிறார்கள்.
துண்டு ஒவ்வொன்றுக்கும் திணைக்களம் என்று பெயர்.
சுகிர்தன் போனில் மொழிபெயர்த்து வாசித்தபோது
எனக்குச் சிரிப்பு வந்தது:
அங்கே நிலத்தைத் திணைக்களம் என்கிறார்கள்,
இங்கே நிலம் திணைக்களங்களிடம் இருக்கிறது.
வனத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம்,
தொல்பொருள்.

ஆனால் அவற்றின் பெயர்கள்!
பாதி, குதிரையிலிருந்து இறங்காத ஜெனரல்கள்.
அது போகட்டும், எங்கும் உள்ளது.
மீதியில் சில வெறும் திகதிகள்.
மே ஒன்று. மே இருபத்தைந்து.
ஜூலை ஒன்பது. ஒக்டோபர் பன்னிரண்டு.
மக்கள் அதற்குள் குடியிருக்கிறார்கள்,
பருத்தி விதைக்கிறார்கள்,
ஜூலை ஒன்பதில் மழை குறைவு என்று பேசிக்கொள்வார்கள்.
ஏப்ரல் இரண்டு என்றொரு துண்டு:
தீவுகளில் படையை இறக்கிய நாளாம்.
“அந்தப் போரில் வென்றவையோ?”
“இல்லை, எழுபத்துநாலு நாளில் தோற்றவை.”
“பிறகும் பெயர் வைத்தவையோ?”
சுகிர்தன் போனைக் கவிழ்த்து வைத்தான்.
கொஞ்ச நேரம் கழித்து,
தலைநகரின் பெயருக்குப் பொருள் பார்த்து
குரலைத் தாழ்த்தி ‘எதிர்ப்பு’ என்றான்,
எழும்பிப் போய்
வாசல் கதவைச் சாத்தினான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம்.
பேராறு, கூழாமுறிப்பு, முத்தையன்கட்டு
என்று பிரிவுகளை எழுதும்போது
பக்கத்தில் மனதுக்குள் ஒரு திகதி எழுதிப் பார்ப்பேன்.
ஒன்றுக்கு ஒன்று போதவில்லை.
சிலதுக்கு வாய் வரவில்லை.

படிவத்தில் ஏழாம் நிரல்:
காணியில் குடியேறிய திகதி.
“எது பிள்ளை?” என்றா குணமணியக்கா.
“கலியாணம் முடிச்சு வந்ததோ, சாமான் ஏத்தினதோ,
முகாமில விட்டதோ,
வந்து பார்க்க வீடு இல்லாமல் கிடந்ததோ,
கிணறு இறைச்சதோ?”
கட்டம் ஒரு விரல் அகலம்.
அவ சொன்னதெல்லாம் எழுதினேன், ஓரத்தில் ஏறி,
எட்டாம் நிரலுக்குள் இறங்கி.
கொழும்பு திருப்பி அனுப்பும். அனுப்பட்டும்.

டிசெம்பரில் பொருட் கணக்கெடுப்பு.
‘இரும்பு அலுமாரி, ஒன்று. நிலைமை: நன்று.’
வந்தவர் கதவைத் திறந்தார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நெடுநேரம் நின்றார்.
“இது எந்த மாவட்டம்?”
“எங்களுக்குச் சேராது, சேர்.”
தலையாட்டினார்,
அடுத்த அறைக்குப் போனார்.
வெப்பத்தில் உரிந்திருந்த வடமேற்கு மூலையை
எச்சில் தொட்டு
மறுபடி ஒட்டினேன்.